பதினாறுக்கு நாற்பது

நௌகாந்தி
9 ஜூன் 1997

மொர்ஜினா,

ஸலாம். மகள் எப்படிப் படிக்கிறாள் என்று டாக்காவிலிருந்து நீ கேட்டு எழுதி இரண்டு வாரமாகிறது. ஊரைச் சுற்றித் தண்ணீர் ஏறிவிட்டது, தபால் படகு வாரத்துக்கு இரண்டு தடவைதான் வருகிறது என்று சாக்குச் சொல்லலாம். உண்மை அதுவல்ல. என்ன எழுதுவதென்று தெரியாமல் தள்ளிப்போட்டேன்.

ஜுலேகா பள்ளிக்கு ஒழுங்காக வருகிறாள். உன் நாத்தனார் ஆசியா வீட்டுப் படகில் முதல் ஆளாக வந்து இறங்குவது அவள்தான். பாட்டிலும் எழுத்திலும் குறையில்லை. ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண் எழுதுவதில் முப்பது பிள்ளைகளில் இவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. பத்தைத் தாண்டியதும் எல்லாம் பாழ்.

நாங்கள் சணல் குச்சிகளை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம். பத்துக் குச்சி சேர்ந்தால் ஒரு கட்டு, மிஞ்சியது உதிரி. கட்டு எத்தனை என்பதை இடப்பக்கம் எழுது, உதிரி எத்தனை என்பதை வலப்பக்கம் எழுது. ஒரு கட்டு, மூன்று உதிரி, பதின்மூன்று. இதில் என்ன கம்பசூத்திரம் இருக்கிறது? உன் மகள் 31 என்று எழுதுகிறாள். அதைக்கூட விடு, இந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படி மாற்றிப் போடுவதுண்டு, ஒரு வாரத்தில் சரியாகிவிடும். இவளுக்கு ஐந்து வாரமாகியும் ஆகவில்லை. பதினாறு எழுது என்றால் 40 என்று எழுதிவிட்டு, சரிதானே என்பதுபோல் என் முகத்தைப் பார்க்கிறாள். நாற்பது எங்கிருந்து வந்தது? போதாததற்கு, நான் கட்டி வைத்த கட்டுகளை அவிழ்த்து இஷ்டத்துக்குச் சின்னச் சின்னதாக முடிந்து வைக்கிறாள். இரண்டு தடவை கண்டித்தேன். மூன்றாம் தடவை கடைசி வரிசையில் தனியாக உட்கார வைத்துவிட்டேன்.

ஜூலை 28 அன்று இட்னா அலுவலகத்திலிருந்து மொத்தாலிப் சாஹேப் சோதிக்க வருகிறார். இருபது வரை எழுதத் தெரியாத பிள்ளையின் பெயரை எடுத்துவிடுவார்கள். இடம் கிடைக்குமா என்று வெளியே ஒன்பது பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். நான் வைத்த சட்டமில்லை அது.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. சின்னதில் அவளுக்குப் பெரிய காய்ச்சலோ வலிப்போ வந்ததுண்டா?

ஃபெரோஜா


மீர்ப்பூர், டாக்கா
21 ஜூன் 1997

ஃபெரோஜா,

உன் கடிதத்தைத் தையல் கம்பெனியில் சாப்பாட்டு வேளையில் எல்லாரும் இருக்கும்போது பிரித்தேன். மகளைப் பற்றி நல்லதாக நாலு வரி இருக்கும், பக்கத்து மெஷின் சாலெஹாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டலாம் என்று நினைத்தேன் பார், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பாதியில் வாய் நின்றுவிட்டது. "என்னடி ஆச்சு, ஊர்ல யாருக்காவது ஏதாவதா?" என்று அவள் கேட்கிறாள். மாடு தொலைந்துபோச்சாம் என்று சொல்லி வைத்தேன். எங்களுக்கு ஏது மாடு?

காய்ச்சல் வந்ததா, வலிப்பு வந்ததா என்று கேட்கிறாயே, என்ன அர்த்தம் அதற்கு? என் மகளுக்குப் புத்தி பேதலித்திருக்கிறது என்கிறாயா? மூன்றாம் வகுப்பில் என் சிலேட்டைப் பார்த்துக் கணக்கு எழுதினவள் நீ. மறந்துவிட்டதா? உன் அப்பா உன்னைப் பத்தாவது வரைக்கும் அனுப்பினார், என் அப்பா என் கையில் வாத்து மேய்க்கிற கம்பைக் கொடுத்தார். உனக்கும் எனக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். இன்றைக்கு நீ நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என் பிள்ளையின் மூளையை எடை போடுகிறாய்.

அவளுக்குக் காய்ச்சலுமில்லை, வலிப்புமில்லை. இந்தக் கேள்வியை ஊரில் வேறு யாரிடமும் கேட்காதே. ஆசியாவிடம் வாயே திறக்காதே. ஜுலேகாவின் அப்பா போனபிறகு ஏதோ நல்ல மனதோடு என் பிள்ளையை வைத்திருக்கிறாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று எப்போதும் அவளுக்கு ஒரு முணுமுணுப்பு. ஒரு சாக்குக் கிடைத்தால் போதும்.

ஜுலேகா எழுதுவதை எழுதியபடியே எனக்கு அனுப்பு. நீ திருத்தாதே. இன்னொன்றும் பார்த்து எழுது. கூப்பிட்டால் உடனே திரும்புகிறாளா? தலைவலி என்று சொல்கிறாளா? நடக்கும்போது தடுமாறுகிறாளா? ஏன் கேட்கிறேன் என்று கேட்காதே. பார்த்து எழுது.

மொர்ஜினா


நௌகாந்தி
5 ஜூலை 1997

மொர்ஜினா,

உன் கடிதத்தைப் படித்து நான்கு நாள் கோபத்தில் பேனாவைத் தொடவில்லை. உன் சிலேட்டைப் பார்த்து எழுதினேன், ஆமாம். நீ திருப்பிக் காட்டினாய், பார்த்தேன். இருபது வருஷம் கழித்துச் சொல்லிக்காட்டுவாய் என்று தெரிந்திருந்தால் தப்பாகவே எழுதித் தொலைத்திருப்பேன். எனக்கு நாற்காலி கிடையாது. முப்பது பிள்ளைகளோடு நானும் பாயில்தான் உட்காருகிறேன்.

கேட்டதற்குப் பதில். கூப்பிட்டால் உடனே திரும்புகிறாள். தலைவலி இல்லை. படகின் விளிம்பில் ஆட்டுக்குட்டி மாதிரி நடக்கிறாள். புதன்கிழமை மற்றப் பிள்ளைகள் போனபிறகு அவளை உட்கார வைத்து, நான் சொல்லச் சொல்ல ஏழு எண் எழுத வைத்தேன். குச்சிகளையும் பக்கத்தில் வைத்திருந்தேன். அந்தத் தாளை மடித்து இத்துடன் வைத்திருக்கிறேன், அவள் கையெழுத்துதான். நான் எதுவும் சொல்லப்போவதில்லை, நீயே பார்.

இரண்டு விஷயம் உன்னிடம் மறைக்க மனசு வரவில்லை. செவ்வாய்க்கிழமை மறுபடியும் கட்டுகளை அவிழ்த்தாள். கையில் ஒரு அடி போட்டுவிட்டேன். அழவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கடைசி வரிசைக்குத் தானாகவே போய் உட்கார்ந்தாள்.

இரண்டாவது, ஆசியா. நான் போய்ச் சொல்லவில்லை. அவளே பள்ளிப் படித்துறையில் படகைக் கட்டிவிட்டு வந்து கேட்டாள். "எல்லாப் புள்ளையும் சிலேட்டைத் தூக்கிக் காட்டுது, இது மட்டும் மறைச்சுக்கிட்டு வருதே, என்ன சங்கதி?" பொய் சொல்ல முடியவில்லை. கணக்கு வரவில்லை என்றேன். "எனக்கு அப்பவே தெரியும். தண்ணியில விழுந்து எடுத்த புள்ள அது. மூளையில தண்ணி ஏறியிருக்கு, இனி படிப்பு ஏறாதுன்னு வைத்தியர் அன்னிக்கே சொல்லிட்டாரு. பைரப்ல என் சின்னம்மா மக ஹொஸ்னா கைக்குழந்தையைத் தூக்கி வச்சுக்க ஒரு பொண்ணு வேணுமின்னு கேட்டுக்கிட்டே இருக்கா. அங்கயாவது வயிறாறச் சாப்பிடட்டும்" என்றாள். 28ஆம் தேதி வரை பொறுத்துக்கொள் என்று கெஞ்சி வைத்திருக்கிறேன்.

தண்ணீரில் விழுந்தாளா? நான் அப்போது மாமியார் ஊரில் இருந்தேன், எனக்கு எதுவும் தெரியாது. நீயும் சொல்லவில்லை.

ஃபெரோஜா


மீர்ப்பூர்
14 ஜூலை 1997

ஃபெரோஜா,

கடிதத்தைப் படித்தேன். உள்ளே இருந்த தாளைப் பிரிக்கவில்லை. பிரிக்கத் தைரியம் இல்லை. ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு நாளாகத் தைத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒன்பது காலரைத் தலைகீழாகத் தைத்து வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். சொல்லாவிட்டால் என் நெஞ்சு வெடித்துவிடும்.

ஜுலேகாவுக்கு அப்போது இரண்டரை வயது. பாத்ரோ மாதம், தண்ணீர் வாசல் வரைக்கும். வியாபாரியின் படகு வந்து நின்றது. நான் படித்துறையில் உட்கார்ந்து முட்டை எண்ணிக் கூடையில் வைத்துக்கொண்டிருந்தேன். ஹாலி ஹாலியாக. உனக்குத் தெரியாததா, கைக்கு இரண்டாக இரண்டு கையிலும் எடுத்தால் நான்கு, அது ஒரு ஹாலி. பின்னால் தொப்பென்று சத்தம் கேட்டது. வாத்து இறங்குகிறது என்று நினைத்தேன். இல்லை ஃபெரோஜா, அதுகூடப் பொய். வாத்து இல்லையோ என்று ஒரு சந்தேகம் வந்தது. திரும்பினால் எண்ணிக்கை விட்டுப்போகும், முதலிலிருந்து எண்ணணும், வியாபாரி கத்துவான், இந்தக் கூடையை முடித்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தேன். முடித்துவிட்டுத்தான் திரும்பினேன். பாவாடை மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

குதித்தது ஞாபகம் இருக்கிறது. பிறகு யாரோ அவளைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றினார்கள். தண்ணீர் கக்கினாள், நீலமாக இருந்தாள், ரொம்ப நேரம் கழித்து அழுதாள். வைத்தியர் சொன்னதை ஆசியா உன்னிடம் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து நான் என் மகளை மகளாகப் பார்க்கவில்லை, எங்கே அடிபட்டிருக்கிறது என்று தேடித்தேடிப் பார்க்கிறேன். பேச்சு நாள் தள்ளி வந்தபோது இதுதான் என்று நினைத்தேன். செருப்பை மாற்றிப் போட்டபோது இதுதான் என்று நினைத்தேன். இப்போது நீ எழுதியதும், வந்துவிட்டது, இத்தனை நாள் ஒளிந்திருந்தது வெளியே வந்துவிட்டது என்று நினைத்தேன். உன்மேல் பாய்ந்தது அதனால்தான்.

இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் மூளைக்கு டாக்டர் இருக்கிறாராம். இந்த ஏற்றுமதி ஆர்டர் முடிந்ததும் கூட்டிக்கொண்டு வருகிறேன். அதுவரைக்கும் அவளை எடுத்துவிடாதே. கடைசி வரிசையோ, வாசற்படியோ, எங்கேயாவது உட்கார்ந்திருக்கட்டும். கூட நாலு பிள்ளைகள் இருக்கிற இடத்தில் இருக்கட்டும். அடிக்காதேடி. அவள்மேல் எந்தத் தப்பும் இல்லை.

மொர்ஜினா


மீர்ப்பூர்
17 ஜூலை 1997

அடி ஃபெரோஜா!

தாளைப் பிரித்துவிட்டேன். சாலெஹாதான் பிடுங்கிப் பிரித்தாள். "மாடு தொலைஞ்ச கடுதாசியை எத்தனை நாளைக்குடி நெஞ்சுல வச்சிருப்பே?" என்று கேட்டுவிட்டு, மொட்டைமாடியில் சோற்றுத் தூக்கை வைத்துக்கொண்டு அவளே வாசித்தாள். நீ பென்சிலால் ஓரத்தில் எழுதியிருக்கிறாய், ஜுலேகா பக்கத்தில் எழுதியிருக்கிறாள். பதின்மூன்றுக்கு 31. பதினாறுக்கு 40. பதினொன்றுக்கு 23. இருபதுக்கு 50. பதினைந்துக்கு 33. பன்னிரண்டுக்கு 30. பதினெட்டுக்கு 42.

கேட்டுக்கொண்டே இருந்தேன், என் விரல் தானாக மடங்க ஆரம்பித்துவிட்டது. எங்கள் லைனில் சட்டையை டஜன் டஜனாகக் கட்டுவோம். கட்டோடு போகிற சீட்டில் சூப்பர்வைசர் 2-3 என்று எழுதியிருந்தால் இரண்டு டஜனும் மூன்றும், அதாவது இருபத்தேழு சட்டை. எங்களுக்கு அதைப் பார்த்தால் இருபத்து மூன்று என்று தோன்றவே தோன்றாது. கட்டு எது என்று தெரிந்தால் போதும்.

பதினாறு முட்டையை என் கையில் கொடு. என்ன சொல்வேன்? நான்கு ஹாலி, உதிரி இல்லை. நான்கு இடப்பக்கம், பூஜ்யம் வலப்பக்கம். நாற்பது! பதின்மூன்று முட்டை? மூன்று ஹாலி, ஒன்று உதிரி. 31! இருபது என்றால் ஐந்து ஹாலி, மிச்சமில்லை. 50! பதினெட்டு நான்கு ஹாலியும் இரண்டும். 42! ஏழும் சரி ஃபெரோஜா! ஒன்றுகூடத் தப்பில்லை! நீ சொன்னபடிதான் செய்திருக்கிறாள். கட்டு இடப்பக்கம், உதிரி வலப்பக்கம். கட்டு என்றால் பத்து என்று நீ சொல்லியிருப்பாய், ஆனால் அவள் நடக்கத் தொடங்கியதிலிருந்து ஆசியாவின் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவள். அவளுக்குக் கட்டு என்றால் நான்குதான். உன் குச்சிகளை அவள் இஷ்டத்துக்கு முடியவில்லை. எண்ணிப் பார், நான்கு நான்காக முடிந்திருப்பாள்.

எல்லாரும் பார்க்க மொட்டைமாடியில் உட்கார்ந்து அழுதேன். சாலெஹா பயந்துபோனாள். மாடு கிடைத்துவிட்டதடி என்றேன்.

இதற்காக நீ அவளை அடித்தாய். சொல்லாமல் இருக்க முடியவில்லை, மன்னித்துக்கொள். இதற்காக ஒரு பிள்ளையை ஐந்து வாரம் பின்னால் தள்ளினாய். முப்பது பிள்ளைகள் இருக்கிறார்கள், உனக்கும் இரண்டு கண்தான், தெரியும். ஆனாலும் நாற்பது எங்கிருந்து வந்தது என்று எனக்கு எழுதிக் கேட்டாயே, அவளிடம் ஒரு தடவை கேட்டிருக்கலாமே?

தபாலை நம்ப மாட்டேன். சாலெஹாவின் தம்பி கிஷோர்கஞ்ச் வருகிறான், அங்கிருந்து படகுக்காரர் யாரிடமாவது கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன். 28க்கு முன்னால் உன் கையில் சேர வேண்டும், சேர வேண்டும் என்று ஓதிக்கொண்டே இருக்கிறேன். அவளைக் கூப்பிட்டுக் கேள். உன் வாயாலேயே கேள்.

மொர்ஜினா


நௌகாந்தி
26 ஜூலை 1997

மொர்ஜினா,

எழுத நேரமில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

நீ 14ஆம் தேதி எழுதிய கடிதம் 23ஆம் தேதி வந்தது. அடுத்தது நேற்றுச் சாயங்காலம் கையில் கிடைத்தது. வாசித்ததும் சணல் குச்சிப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அவள் முடிந்தவை அடியில் கிடந்தன. ஒவ்வொன்றிலும் நான்கு. நான் ஹாலிக் கணக்கில்தான் முட்டை வாங்குகிறேன், எலுமிச்சை வாங்குகிறேன். சாக்பீஸைக் கையில் எடுத்ததும் அதெல்லாம் எனக்கு மறந்துபோகிறது. சரியா தப்பா என்று மட்டும் பார்த்தேனே தவிர, என்ன எழுதியிருக்கிறாள் என்று பார்க்கவில்லை.

இப்போது கெட்ட செய்தி. திட்டுவாய், திட்டு. ஜுலேகா இங்கே இல்லை. 20ஆம் தேதி ஆசியா வந்து, "பேரு நிக்குமா நிக்காதா, உண்மையைச் சொல்லு" என்று கேட்டாள். நிற்காது என்று சொல்லிவிட்டேன். நானே சொன்னேன், என் வாயில் மண். மறுநாள் விடிந்ததும் பைரபுக்குப் போகிற படகில் ஏற்றிவிட்டிருக்கிறாள். 23ஆம் தேதி உன் கடிதத்தோடு ஓடினேன், வீட்டில் அவளுடைய பாவாடைகூட இல்லை. ஹொஸ்னா வீடு எங்கே என்றால், படகுத்துறை பக்கம், மஞ்சள் கேட் என்பதற்கு மேல் ஆசியாவுக்கும் தெரியவில்லை.

நாளை காலை டிராலர் படகில் பைரப் போகிறேன். 28ஆம் தேதி சாஹேப் வரும்போது நான் இருக்கமாட்டேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள என் ஓர்ப்படியை உட்கார வைத்திருக்கிறேன், அவளுக்கு எழுத்தே தெரியாது. என் வேலை போனால் போகட்டும். காற்று மூன்று நாளாக ஓயவில்லை, அதுதான் ஒரே கவலை.

துஆ செய்.

ஃபெரோஜா


மீர்ப்பூர்
30 ஜூலை 1997

ஃபெரோஜா,

உன் கடிதம் இன்று வந்தது. போனாயா? போய்ச் சேர்ந்தாயா? ஹவோர் வெள்ளத்தில் டிராலர் ஒன்று கவிழ்ந்தது என்று ரேடியோவில் சொன்னதாகக் கீழ்த்தளத்துப் பையன் சொல்கிறான். எந்த ஊர் டிராலர் என்று கேட்டால் தெரியாது என்கிறான்.

ஏழு வயதுப் பிள்ளை. யார் வீட்டிலோ யார் குழந்தையையோ இடுப்பில் வைத்துக்கொண்டு. அம்மாவும் வேண்டாமென்று சொல்லிவிட்டாள், டீச்சர் ஆபாவும் வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருப்பாள். மஞ்சள் கேட் என்று ஒரு விலாசமா?

லீவு கேட்டேன். "போறதுன்னா போ, திரும்பி வராதே" என்றான் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமைக்குள் உன்னிடமிருந்து சேதி வராவிட்டால் பஸ் ஏறிவிடுவேன். பைரபில் எத்தனை மஞ்சள் கேட் இருந்தாலும் ஒவ்வொன்றாகத் தட்டுவேன்.

ஒரு வரி எழுது. கிடைத்தாள் என்று ஒரு வார்த்தை போதும்.

மொர்ஜினா


நௌகாந்தி
31 ஜூலை 1997

மொர்ஜினா,

கிடைத்தாள். முதலில் அதைப் படி. கிடைத்தாள், என் பக்கத்தில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருக்கிறாள். மீர்ப்பூர் போகிற தையல்காரர் கைஸரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன், நாளை மறுநாள் உனக்கு வந்துவிடும்.

27ஆம் தேதி அலை டிராலருக்குமேல் எழுந்தது. ஓதிக்கொண்டே போனேன். பைரபில் ஆறாவது மஞ்சள் கேட். உள்ளே உன் மகள், அவள் உயரத்தில் பாதி இருக்கிற ஒரு குண்டுப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் பின்னால் நகர்ந்தாள். அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஹொஸ்னா சண்டைக்கு வந்தாள். "மூளை இல்லாத பொண்ணுன்னு சொல்லித்தானே அனுப்புனீங்க? இப்ப எதுக்குத் திரும்பி வேணுமாம்? அது இங்க நல்லாத்தான் இருக்கு." மூளை இல்லாதது எனக்குத்தான் அம்மா, ஆளை மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அதோடு விட்டுவிட்டாள்.

திரும்பும்போது டிராலரில் என்னை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்தாள் உன் மகள். பாதி வழியில் கேட்டேன். "ஜுலேகா, பதினாறு முட்டைன்னா எத்தனை ஹாலி?" என்னைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, "நாலு" என்றாள். "உதிரி?" "இல்ல." "அப்ப நீ எழுதினது சரிதான்" என்றேன். பிறகு கேட்டாள், "அப்ப ஏன் ஆபா என்னை அடிச்சீங்க?"

எனக்குத் தெரியாததால் அடித்தேன் என்று சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "எனக்கும் தெரியும் உங்களுக்குத் தெரியலன்னு. எல்லாரும் இருந்தாங்க, அதான் சொல்லல" என்றாள். மொர்ஜினா, டிராலரில் அத்தனை ஆண்கள் இருந்தார்கள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன்.

பிறகு சொல்லிக்கொடுத்தேன். முட்டைக்கு ஹாலி நான்கு, புத்தகத்துக்கு ஹாலி பத்து. "பத்து முட்டையில ஒரு ஹாலியா? யாரு வாங்குவா?" என்று சிரித்தாள். கரை வருவதற்குள் விரலால் ஈரப் பலகையில் இருபது வரை எழுதிவிட்டாள்.

28ஆம் தேதி பொழுது சாய்ந்து ஊர் சேர்ந்தோம். சாஹேப் வந்து, டீச்சர் இல்லை என்று குறித்துக்கொண்டு, ஜுலேகா பெயரை அடித்துவிட்டு, வெளியே இருந்த ஒரு பையனைச் சேர்த்துவிட்டுப் போயிருந்தார். நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு இட்னா போனேன். அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. சரி, பதின்மூன்று எழுது என்று அவளிடம் தாளைத் தள்ளினார். அவள் என்னைப் பார்த்துவிட்டு அவரிடம் கேட்கிறாள், "எந்த ஹாலி? முட்டை ஹாலியா, ஆபா ஹாலியா?"

இரண்டும் எழுது என்றேன். 31 என்று எழுதினாள், பக்கத்தில் 13 என்று எழுதினாள். பழைய தாளைப் பற்றியும் சொன்னேன். அவர் இரண்டு எண்ணையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "போன வருஷம் உங்க பள்ளியில எத்தனை பேரை எடுத்தோம்?" என்றார். மூன்று பேர் என்றேன். "எந்த வீட்டுப் பிள்ளைங்க?" இரண்டு பேர் வாத்து வீட்டுப் பிள்ளைகள். அவர்களும் ஹாலி ஹாலியாகத்தான் எழுதியிருப்பார்களோ? அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். ஜுலேகா பெயரைத் திரும்ப எழுதினார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். புதுப் பையனும் இருக்கிறான், பாயில் நெருக்கி உட்கார்கிறார்கள். அந்த இரண்டு வீட்டுக்கும் வெள்ளிக்கிழமை போகிறேன். ஒருத்தியைச் சில்ஹட் பக்கம் வேலைக்கு அனுப்பிவிட்டார்களாம். போய் என்ன சொல்லப்போகிறேனோ.

இனி உன் 14ஆம் தேதிக் கடிதத்துக்குப் பதில். நீ எனக்குச் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. இன்று காலை ஜுலேகாவைக் கூட்டிக்கொண்டு ஆசியா வீட்டுக்குப் போனபோது, அன்றைக்கு என்னதான் நடந்தது என்று மட்டும் கேட்டேன். ஆசியா வாத்துக்கு உமி கலந்துகொண்டே சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"என்ன நடந்துச்சா? நான் எதிர்ல உக்காந்து கூடையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன். தொப்புன்னு சத்தம் கேட்டுச்சு. உங்க மொர்ஜினா தலையைத் திருப்பிக்கூடப் பாக்கல, கையில இருந்த முட்டையோட அப்படியே பின்னால குதிச்சா. கூடையும் உருண்டு போச்சு. படித்துறை பூரா மஞ்சக்கரு. வியாபாரி கத்துறான், எண்ணி முடிக்காம எங்கடி போறேன்னு. அந்த முட்டைக்கு எங்க அண்ணன்கிட்ட திட்டு வாங்கினது நான். அவளுக்கு அதெல்லாம் எங்க ஞாபகம் இருக்கப்போகுது, மூணு நாள் பேச்சில்லாம கிடந்தா."

நிஜமாகவா, கூடையை முடிக்கவில்லையா என்று மறுபடியும் கேட்டேன். "முடிச்சிருந்தா நீ இன்னிக்கு யாரை பைரப்லேருந்து கூட்டிட்டு வந்திருப்பே?" என்று என்மேல் எரிந்து விழுந்தாள்.

நீ எண்ணி முடிக்கவில்லை, மொர்ஜினா.

ஃபெரோஜா